கொரங்காடு: செம்மறி மேய்ச்சலும் மண்வளமும்

கொரங்காடு என்பது கொங்கு நாட்டின் வறண்ட பகுதிகளில் உழவர்கள் வேலியடைத்துப் பேணிவரும் மேய்ச்சல் நிலம். காங்கயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் வட்டாரங்களில் இதை மிகுதியாகக் காணலாம். தரையில் கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம், சுற்றிலும் முள்ளுக்கிளுவை வேலி என மூன்றும் சேர்ந்ததே கொரங்காடு. காங்கயம் மாட்டால் பேர்பெற்ற இந்நிலத்தில் மேச்சேரி முதலிய செம்மறிகளும் காலங்காலமாக மேய்ந்துவருகின்றன.

இங்குள்ள மண் சரளை கலந்த செம்மண். ஆழமும் மட்கும் குறைவு. மழையின் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில், சில நாட்களிலேயே கொட்டித் தீர்த்துவிடும். புல் இல்லாத செம்மண்ணில் துளி அடித்தால் மேற்பரப்பில் பொருக்கு தட்டும். அடுத்து விழும் நீர் கீழே இறங்காமல் மேல்மண்ணை வாரிக்கொண்டு ஓடும். ஆகவே, இந்த மண்ணைக் காப்பது என்றால் புல்லின் தூரைக் காப்பதுதான்.

செம்மறிக்கு மேலுதடு பிளவுபட்டது. தரையை ஒட்டிக் கடிக்கும். நாக்கால் சுற்றிப் புல்லை இழுக்கும் மாட்டால் அந்த அளவுக்குக் கீழே மேய முடியாது. புல்லின் இலையில் பாதிக்கு மேல் ஒரேயடியாகக் கடிபட்டால் வேர் வளர்ச்சி தடைப்படும் என்பதை அமெரிக்காவில் கிரைடர் என்பவர் 1955இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. வேர் குன்றினால் மண்ணைப் பிடித்துவைக்கவும் ஆளில்லை, மட்கிச் சேரவும் பொருளில்லை. மழை பெய்து நாலு தளிர் விட்டதும் ஆட்டை உள்ளே விடுவதுதான் இந்நிலத்துக்குச் செய்யக்கூடிய பெருங்கேடு. புல் பூத்து விதை உதிரும்வரை படலைச் சாத்திவைப்பவர் காட்டில் மறு ஆண்டும் தூர் அடர்ந்திருக்கும். காட்டைப் பல பட்டிகளாகத் தடுத்து, ஒன்றை மேயவிட்டு மற்றவற்றை ஆறப்போடும் முறை வேலி இருப்பதாலேயே நடக்கிறது. திறந்த புறம்போக்கில் இது கைகூடாது.

மழை விட்ட மறுநாள் ஒரு கொரங்காட்டுக்குள் நடந்தால் வேறுபாடு காலுக்கே தெரியும். படலை ஒட்டி ஆடுகள் நெருக்கியடித்து நுழையும் தடத்தில் மண் குளம்படி பட்டுத் திண்ணைபோல் இறுகி, அதன்மேல் நீர் தேங்கி நிற்கும். பத்தடி தள்ளிப் புல்தூரின் அடியில் விரலை விட்டால் பொலபொலவென்று இறங்கும். ஈரம் இருக்கும், புழுக்கை பாதி மட்கிக் கிடக்கும். ஈரமண்ணில் மந்தையை அடைத்தால் காடு முழுவதும் அந்தத் தடம்போல் ஆகிவிடும்.

மேய்ந்த தழைச்சத்தில் பெரும்பகுதி புழுக்கையாகவும் மூத்திரமாகவும் மண்ணுக்கே திரும்புகிறது. ஆனால் ஆடு படுக்கும் இடத்தில்தான் அது குவியும். தினமும் ஒரே வெள்வேல நிழலில் படுத்தால் அந்த இடம் கொழுக்கும், மற்ற இடம் மெலியும். பட்டியை இடம்மாற்றிப் போடுவதன் பயன் இதுதான். கோடையில் உதிரும் வெள்வேலங் காயைத் தின்ற ஆடு, அதன் விதையையும் எருவோடு காடெங்கும் பரப்புகிறது. புல்லிடையே படரும் நரிப்பயறும் செப்புநெருஞ்சியும் வேர்முடிச்சால் தழைச்சத்துச் சேர்ப்பவை. ஓயாத மேய்ச்சலில் முதலில் அழிவது இவைபோன்ற செடிகளே. தூர் முதிர்ந்து நலிந்த காட்டைச் சில ஆண்டுக்கு ஒருமுறை உழுது, சோளமோ கொள்ளோ விதைத்துப் புதுப்பிப்பதும் உண்டு.

பாகப்பிரிவினையில் காடு துண்டுபட்டு வருகிறது. இரண்டு ஏக்கரை மட்டும் வைத்திருப்பவருக்கு ஆறப்போட வேறு பட்டி இல்லை. ஆடு ஆண்டு முழுவதும் அங்கேயே நிற்கிறது.