சூட்டைக் காத்தவர்கள்

கடைகளில் 'ஸ்லோ குக்கர்' என்று விக்கிற மின்சட்டிக்கு ஒரு பழைய கதை இருக்கு. யூதர்களின் ஓய்வுநாளில் தீ மூட்டக்கூடாது. அதனால் லித்துவேனிய யூதக் குடும்பங்கள் வெள்ளி பின்னேரமே இறைச்சி, அவரை விதை, பார்லி போட்ட பானையை ஊர்ப் பேக்கரி அடுப்பில் வைத்துவிடும். அடங்கிப்போகிற சூட்டில் இரவு முழுக்க வெந்து, சனி மதியம் 'சோலண்ட்' ஆகும்.

தாய் சொன்ன இந்தக் கதையிலிருந்துதான் அமெரிக்கரான இர்விங் நாக்சன் மின்சட்டியை வடிவமைத்தார். 1940இல் காப்புரிமை கிடைத்தது. 1970இல் ரைவல் நிறுவனம் அவரது தொழிலை வாங்கி, 1971இல் 'க்ரொக் பொட்' என்று சந்தைக்கு விட்டது. வீட்டுப் பெண்கள் வேலைக்குப் போன காலம், நன்றாக விலைப்பட்டது.

எங்கட கரைக்கு இது புதினமில்லை. தம்பிலுவிலில் பல வீடுகளில் மாடு சமைப்பதில்லை. பக்கத்து அக்கரைப்பற்றில் ஹஜ்ஜுப் பெருநாள் என்றால் மாட்டிறைச்சிதான். ஆனால் மண்சட்டியும் பொச்சுமட்டைத் தணலும் இரண்டு ஊருக்கும் பொது. கெட்டி இறைச்சியின் சவ்வு இளக மணிக்கணக்கில் சிறு சூடு வேணும். தீயைக் கூட்டினால் தண்ணி வத்தும், இறைச்சி இறுகும்.

2022இல் காஸ் இல்லை, மார்ச் கடைசியில் 13 மணிநேரம் வரை கரண்டும் இல்லை. விறகடுப்புகள் திரும்பவும் எரிந்தன. பக்கத்தில் குந்தியிருந்தது யார்? அம்மாமாரும் உம்மாமாரும்தான்.

மின்சட்டி மிச்சம்பிடிப்பது அந்தக் காவல் நேரத்தை. காப்புரிமையில் மகனின் பெயர் இருக்கு. சூட்டைக் காத்தவர்களின் நேரத்தையும் வரலாறாக எழுதத்தான் வேணும் என்கிறோம் நாங்கள்.