சுத்தியலும் அளவுகோலும்

1858ஆம் ஆண்டின் முதல் இரண்டு மாதங்களில் லின்னேயஸ் டிரைப் என்ற கேப்டன் மதுரையில் படமெடுத்துக்கொண்டிருந்தார். சென்னை மாகாண அரசு 1856இல் அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்திருந்தது. வடக்கே முந்தைய ஆண்டு மூண்ட கிளர்ச்சி இன்னும் அடங்கவில்லை. அவரோ கருவிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், வைகைக் கரை என்று மதுரையில் அவர் எடுத்த படங்கள் அதே ஆண்டில் தொகுதிகளாக வெளிவந்தன. அந்தப் பயணத்தில் அவர் படமெடுத்த இடங்களில் ஒன்று யானைமலை. படத்துக்கு அவர் வைத்த தலைப்பைத் தமிழில் சொன்னால், 'யானைப் பாறை, முனையிலிருந்து பார்த்த தோற்றம்'.

நான் அவனியாபுரத்துக்காரி. எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் மேற்கே தெரிவது திருப்பரங்குன்றம். யானைமலையைப் பார்க்க ஊரைக் கடந்து மேலூர்ச் சாலைக்குப் போக வேண்டும். மாட்டுத்தாவணி தாண்டி ஒத்தக்கடை நெருங்கும்போது பேருந்தின் சன்னலில் மலை மெல்லப் படுத்துக்கொள்ளும். அந்த மலையின் அடியில் நரசிங்கத்தில் பாண்டியர் காலக் குடைவரை இருக்கிறது. மேலே சமண முனிவர்களின் படுக்கைகளும் சிற்பங்களும் இருக்கின்றன. சுற்றிலும் ஊர்கள், வயல்கள், ஆடுகள். டிரைப்பின் தலைப்பிலோ இருப்பது ஒரு பாறை மட்டும்.

அவர் பெரும்பாலும் படமெடுத்தது கண்ணாடித் தகடுகளில் அல்ல. மெழுகு பூசிய தாளில் வெள்ளி உப்பு ஏற்றி அதையே நெகட்டிவாகப் பயன்படுத்தினார். வெயிலுக்குத் தாங்கும் முறை; ஆனால் ஒளி விழ நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் குறுக்கே நடந்தவர் படத்தில் விழமாட்டார். தண்ணீர்க் குடத்தோடு ஒருத்தி போயிருந்தால் ஒரு புகைக்கீற்றாகக்கூட மிஞ்சியிருக்கமாட்டாள். அசையாமல் நிற்பதுதான் பதிவாகும். வேலை செய்பவர்கள் அசைந்துகொண்டே இருப்பவர்கள். டிரைப்பின் படங்களில் பெரும்பாலானவை ஆளில்லாமல் கிடப்பதற்கு இது ஒரு காரணம். வானமும் அந்தத் தாளில் சரியாக விழாது, திட்டுத்திட்டாக வெளுத்துப்போகும். அதனால் நெகட்டிவின் மேலேயே மேகங்களைத் தூரிகையால் தீட்டிச் சேர்த்திருக்கிறார். இல்லாத மேகத்தைச் சேர்க்க முடிந்தது. இருந்த மனிதர்களைச் சேர்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. யாரும் கேட்கவுமில்லை. அரசு கேட்டது கட்டடங்களையும் கல்லையும் பற்றிய ஆவணம்.

தமிழ் படித்தவளுக்கு இது விசித்திரமாகப் படுகிறது. நம் கவிதை மரபில் மலை என்றால் குறிஞ்சி. குறிஞ்சி என்றால் தினைப்புனம், கிளி கடியும் பெண், அவளுடைய தோழி, இரவில் வருகிறவனின் வழி. பெண் இல்லாத மலையைச் சங்கப் புலவர்களால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அவளுடைய மனத்தைச் சொல்வதற்குத்தான் மலை. ஈராயிரம் ஆண்டுகளாக ஆள் குடியிருந்த மலையைக் கேமரா சில நிமிடங்களில் காலி செய்துவிட்டது.

*

நிலத்தை அளப்பதும் நிலத்தைப் படமெடுப்பதும் இந்நாட்டில் ஏறக்குறைய ஒன்றாகவே வளர்ந்தன. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1851இல் தொடங்கியது. அதன் முதல் தேவை நிலக்கரி. நீராவிக் கப்பலுக்கும் வரவிருந்த ரயிலுக்கும் கரி வேண்டும்; அது எங்கே புதைந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். துறையின் தலைவர் தாமஸ் ஓல்டாம். 1855இல் பர்மா மன்னரின் அவைக்கு ஆங்கிலேயத் தூதுக்குழு ஒன்று போனபோது புவியியலாளராக ஓல்டாம் போனார். அதே குழுவில் புகைப்படக்காரராகப் போனவர் டிரைப். ஒருவர் கரையிலிருந்த பாறையைக் குறித்துக்கொண்டார், மற்றவர் அதே கரையைப் படமெடுத்தார். இரண்டும் ஒரே அரசின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தன.

இமயமலைக்குக் கேமரா ஏறியது இதன்பிறகு. 1863இல் இந்தியா வந்த சாமுவேல் போர்ன் சிம்லாவைத் தளமாக வைத்து மூன்று முறை உள்மலைகளுக்குப் போனார். 1866இல் 18,600 அடி உயரத்திலிருக்கும் மணிரங் கணவாயில் படமெடுத்தார். கங்கோத்ரிப் பனியாற்றின் முகத்தையும் எடுத்தார். போர்ன் அரசு ஊழியர் அல்லர், படம் விற்கும் வணிகர். ஆனால் பனிமலையை எப்படிப் பார்ப்பது என்று பின்னால் வந்தவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவை அவருடைய படங்கள். அவர் பயன்படுத்தியது ஈரக் கண்ணாடித் தகடு. மருந்து காய்வதற்குள் படமெடுத்து, அங்கேயே இருட்டுக் கூடாரத்தில் கழுவ வேண்டும். கண்ணாடி, மருந்து, கூடாரம், உணவு எல்லாவற்றையும் சுமக்கப் பல பத்து ஆட்கள் வேண்டும். சுமையைப் போட்டுவிட்டு ஊருக்குள் ஒளிந்துகொண்டவர்களைத் தேடிப்போய்த் தடியால் அடித்ததை அவரே பயணக்குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்தப் படங்களில் நிலவும் பேரமைதியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தடி நினைவுக்கு வரும்.

1906இல் புவியியல் ஆய்வுத் துறை பனியாறுகளை முறையாகக் கண்காணிக்கத் தொடங்கியது. பனியாறுகள் வளர்கின்றனவா தேய்கின்றனவா என்று உலகெங்கும் கணக்கெடுக்க 1894இல் ஒரு பன்னாட்டு ஆணையம் அமைந்திருந்தது. அதன் வேண்டுகோளுக்கு இணங்கி, துறையின் அதிகாரிகள் குமாவுன், லாஹூல், காஷ்மீர்ப் பக்கங்களில் பனியாறுகள் முடியும் இடத்தைத் தேடிப்போனார்கள். பாறையில் அடையாளமிட்டார்கள், வரைபடம் போட்டார்கள், நின்ற இடத்தைக் குறித்துவைத்துப் படமெடுத்தார்கள். பின்னால் வருபவர் அதே இடத்தில் நின்று மறுபடி எடுத்தால் பனி எவ்வளவு பின்வாங்கியிருக்கிறது என்று தெரியும்.

இத்தகைய படங்களில் மனிதர் திரும்ப வருகிறார், அளவுகோலாக. பனிச்சுவர் எத்தனை ஆள் உயரம் என்று காட்ட ஒரு சுமையாளை அதன் அடியில் நிறுத்துவார்கள். பெயர் இருக்காது, பெரும்பாலும் முகமும் தெரியாது. அருகிலிருந்து எடுக்கும் படமென்றால் ஆளுக்குப் பதிலாகச் சுத்தியல். புவியியலாளர்கள் இன்றுவரை பாறைமேல் சுத்தியலை வைத்துத்தான் படமெடுக்கிறார்கள். ஆளும் சுத்தியலும் அங்கே ஒரே வேலையைச் செய்கின்றன.

பெண் எங்கே இருந்தாள்? படத்துக்குள் தேடினால் கிடைக்கமாட்டாள், படம் அச்சான தாளுக்குள் தேட வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பெரும்பாலான படங்கள் அச்சானது முட்டை வெண்கரு பூசிய தாளில். பின்னாளில் அந்தத் தாளைச் செய்யும் பெருந்தொழில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் குவிந்தது. அங்கிருந்த ஒரு தொழிற்சாலை 1888ஆம் ஆண்டில் மட்டும் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகளைச் செலவழித்தது. முட்டையை உடைத்து, மஞ்சளைப் பிரித்து, வெண்கருவைத் தாளில் பூசியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். உலகத்தின் மலைகளெல்லாம் அவர்கள் கைப்பட்ட பளபளப்பின்மேல் வந்து அமர்ந்தன. டிரைப்பின் பட்டறையில் வேலை பார்த்த ஐயாசாமி என்பவரின் பெயராவது நமக்குத் தெரிகிறது. பின்னால் அவர் சென்னைத் தொழிற்கலைப் பள்ளியில் புகைப்படக்காரராக இருந்தார். முட்டை உடைத்த பெண்களில் ஒருத்தியின் பெயரும் மலைப்படங்களின் கதையில் இல்லை.

*

இந்த வரலாற்றை வகுப்பில் சொல்லும்போது மாணவிகள் சோர்ந்துபோவார்கள். அப்போது ஃபேனி புல்லக் ஒர்க்மனின் படத்தைக் காட்டுவேன். அமெரிக்கரான அவர் கணவரோடு மிதிவண்டியில் இந்தியாவின் சமவெளியில் ஆயிரக்கணக்கான மைல்கள் சுற்றியவர். அதன்பின் காரகோரம் மலைக்குத் திரும்பி, எட்டு முறை பனியாறுகளுக்குப் போனார். 1912இல் சியாச்சின் பனியாற்றுக்குப் போன குழுவுக்கு அவரே பொறுப்பு. நில அளவையாளர்களும் உடன் போனார்கள், வரைபடம் வந்தது. அந்தப் பயணத்தில் சுமார் 21,000 அடி உயரத்தில், பனிக்கு நடுவே, அவர் ஒரு செய்தித்தாளை விரித்துப் பிடித்து நிற்கிறார். அதன் தலைப்பு 'பெண்களுக்கு வாக்குரிமை'. கணவர் எடுத்த படம். லண்டனின் அரச புவியியல் சங்கம் பெண்களை முழுமையாக உறுப்பினராக்க அடுத்த ஆண்டுவரை, 1913வரை, காத்திருந்தது.

மாணவிகள் கைதட்டுவார்கள். நானும் முதல்முறை பார்த்தபோது தட்டியவள்தான். பிறகு அவர் எழுதியவற்றைப் படித்தேன். பால்டிச் சுமையாட்களைப் பற்றி அவர் எழுதும் வரிகளில் எரிச்சலும் இளக்காரமும் நிறைந்திருக்கின்றன. அந்தச் செய்தித்தாளை அவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோன வழி அவர்களுடைய முதுகு. 1912 பயணத்தில் செனோ என்ற இத்தாலியச் சுமையாள் பனிப்பிளவில் விழுந்து இறந்தார். ஃபேனி மயிரிழையில் தப்பினார். அந்தப் படத்தை நான் இப்போதும் காட்டுகிறேன். ஒரு பெண் அளப்பவளாக நிற்பது பெரிய காரியம்தான். அவளும் இன்னொருவரை அளவுகோலாக்கினாள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

*

இவ்வளவு குறை சொன்னபிறகு அந்தப் படங்களுக்கு நாம் பட்டிருக்கும் கடனையும் சொல்ல வேண்டும். 1935இல் புவியியல் ஆய்வுத் துறையின் ஜான் ஆடன் கங்கோத்ரிப் பனியாற்றின் முகத்தை அளந்து வரைந்தார். கவிஞர் ஆடனின் அண்ணன் அவர். அந்த அளவோடு பின்னால் எடுத்த அளவுகளை ஒப்பிட்டதால்தான், அடுத்த அறுபது ஆண்டுகளில் பனியாறு ஒரு கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கியது நமக்குத் தெரியும். பனியாறு பின்வாங்கும்போது அது தள்ளிக் குவித்திருந்த கல்லும் மண்ணும் கரையாகி, உருகிய நீர் பின்னால் தேங்கும். அதுவே பனியாற்று ஏரி. யாரும் கட்டாத அணை, கலுங்கு இல்லாத கண்மாய். கண்மாய்க்காரர்களான நமக்கு இந்த ஆபத்து எளிதில் புரியும். 2013 ஜூனில் கேதார்நாத்துக்கு மேலே சோராபாரி ஏரி உடைந்தது. 2023 அக்டோபரில் சிக்கிமில் தெற்கு லோனாக் ஏரி உடைந்து, சுங்தாங்கில் இருந்த 1,200 மெகாவாட் மின்திட்டத்தின் அணையையே அடித்துக்கொண்டு போனது. கீழே இருந்த மக்களில் பலர் பிழைக்கவில்லை. எந்த ஏரி எவ்வளவு பெருத்திருக்கிறது என்பதைப் பழைய படத்தின் பக்கத்தில் புதிய படத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். அளப்பது பாவமில்லை. யாருக்காக அளக்கிறோம், அளந்ததை யாரிடம் சொல்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மதுரைக்குத் திரும்புவோம். எங்கள் மாவட்டத்தின் பாறைகளைப் புவியியல் ஆய்வுத் துறைக்காக எழுதியவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியல் பற்றிய அவருடைய அறிக்கை 1883இல் வந்தது. பல்லாவரத்தில் கற்கால மனிதரின் கல்கோடரியைக் கண்டெடுத்தவரும் அவரே. அந்தக் கணக்கெடுப்பு நின்றுவிடவில்லை. அரிட்டாபட்டியும் அதைச் சுற்றிய ஊர்களும் அடங்கிய நிலத்தில் டங்ஸ்டன் இருப்பதாக அதே துறை ஆய்ந்து சொன்னது. 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. குன்றில் குடைவரையும் தமிழி எழுத்தும் உண்டு. 2024 நவம்பரில் ஏலம் முடிந்ததாக அறிவிப்பு வந்தது. ஏலப் பட்டியலில் அந்த நிலம் ஒரு 'தொகுதி', 2,015 ஹெக்டேருக்குச் சற்று மேல். குன்றும் கோயிலும் வயலும் அதில் வெறும் பரப்பளவாக இருந்தன. டிரைப்பின் 'பாறை' எனக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. ஆளில்லாத படத்தின் வாரிசு ஆளில்லாத வரைபடம்.

ஆனால் ஆள் இருந்தார்கள். 2025 சனவரி 7ஆம் தேதி மேலூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம்வரை வந்தார்கள். பெண்கள் பெருந்திரளாக வந்தார்கள். அதே சனவரி 23ஆம் தேதி ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அதற்கும் முன்னால், 2010 வாக்கில், யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டம் வந்தபோதும் அடிவாரத்து மக்கள் எதிர்த்து நின்றுதான் மலையைக் காப்பாற்றினார்கள்.

என் அப்பத்தா ரோட்டோரம் ஜல்லி உடைத்தவள். சைக்கிள் டயரில் வெட்டிய வளையத்துக்குள் கல்லை நிறுத்தி, சில்லு தெறிக்காமல் சுத்தியலால் போடுவாள். ஒன்றரை இஞ்சு ஜல்லி, முக்கால் இஞ்சு ஜல்லி என்று கண்ணாலேயே பிரிப்பாள். சந்தேகம் வந்தால் கட்டைவிரல் கணுவை வைத்துப் பார்ப்பாள். கேட்ட அளவில் இல்லாவிட்டால் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். அவளுடைய படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. மலையைப் பற்றி அவளிடம் யாரும் கேட்டதில்லை. எந்தக் கல் ஒரே அடியில் பிளக்கும், எது பொடியாகும், எந்தப் பக்கம் அடித்தால் நரம்பு விடும் என்று அவளுக்குத் தெரியும். சுத்தியலும் அளவுகோலும் ஒரே கையில் இருந்தன. அந்தக் கை எந்த அறிக்கையிலும் ஏறவில்லை.

போன மாசியில் டிரைப் நின்றிருக்கக்கூடிய இடத்தைத் தேடி யானைமலைக்குப் போனேன். 1858இன் படத்தைக் கைபேசியில் வைத்துக்கொண்டு, முனை தெரியும் பக்கமாக நகர்ந்து நகர்ந்து பார்த்தேன். புதிய வீடுகளும் மின்கம்பங்களும் மறைத்தன. ஒரு வெட்டவெளியில் ஓரளவு பொருந்தியது. அங்கே ஒரு அம்மா ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். நான் கைபேசியைத் தூக்கியதும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டார்.

"மலையவா எடுக்குற? நா வெலகிக்கிறவா, தாயி?"

"வேணாங்கத்தா. அங்கயே நில்லுங்க."

அவர் நின்றார். ஆடுகள் நிற்கவில்லை. எடுத்து முடித்ததும் வந்து படத்தைப் பார்த்தார். தன்னைப் பார்க்கவில்லை. இடது ஓரத்தில் விரல் வைத்து, மலையின் வால் பக்கம் விட்டுப்போச்சு என்றார். இன்னும் பத்தடி பின்னால் போகச் சொன்னார். போனேன். அவர் சொன்ன இடத்திலிருந்து மலை முழுதாக விழுந்தது.