எக்ஸ்ஓ மடிக்கணினியில் விண்டோஸ் நுழைந்த வழி

ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்கான எக்ஸ்ஓ மடிக்கணினி ஏன் எதிர்பார்த்த அளவு விற்கவில்லை? திட்டத்தின் நிறுவனர் நிக்கலஸ் நெக்ரோபோன்டே 2008 ஏப்ரலில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்திடம் ஒரு காரணம் சொன்னார். திறமூல மென்பொருளை மட்டுமே ஏற்பது என்ற பிடிவாதம் கருவியின் பயன்பாட்டைக் கெடுத்தது. வாங்க வந்த அரசுகளையும் தயங்க வைத்தது. மே 15 அன்று எக்ஸ்ஓவில் விண்டோஸைத் தர மைக்ரோசாஃப்டுடன் உடன்பாடு அறிவிக்கப்பட்டது. படிக்கும்போது காரணமும் விளைவும் பொருந்துவதுபோலத் தோன்றும். காலவரிசையை வைத்துப் பார்த்தால் பொருந்தவில்லை.

2006 டிசம்பரில் ஹாங்காங்கில் நெக்ரோபோன்டே பேசியதுதான் இங்கே முதன்மைச் சான்று. கருவியில் எஸ்டி அட்டைச் செருகுவாய் பில் கேட்ஸுக்காகவே வைக்கப்பட்டது, திட்டத்துக்கு அது தேவையே இல்லை என்றார் அவர். கணினிகள் ஏற்கெனவே மைக்ரோசாஃப்டின் கையில் இருப்பதாகவும், அவற்றில் விண்டோஸ் ஏற்றப்படுவதாகவும் சேர்த்துச் சொன்னார். பெருமளவு உற்பத்தி தொடங்கியதோ 2007 நவம்பரில்.

அந்தச் செருகுவாயைச் சின்ன விஷயமாகத் தள்ள முடியாது. எக்ஸ்ஓவில் வன்தட்டு இல்லை. இருந்தது 1 ஜிபி ஃபிளாஷ் நினைவகம் மட்டுமே. ஃபெடோரா லினக்ஸும் அதன்மேல் இயங்கிய சுகர் இடைமுகமும் அதற்குள் அடங்கின. விண்டோஸ் எக்ஸ்பியும் ஆஃபிஸும் அடங்கவில்லை. மைக்ரோசாஃப்ட் 2 ஜிபி எஸ்டி அட்டையை நாட வேண்டியிருந்தது.

மறுப்பு ஒன்று எழலாம். மார்வெல் செய்து தந்த ஒரே சில்லு ஃபிளாஷ், கேமரா, எஸ்டி மூன்றையும் கையாண்டது. ஆகவே செருகுவாய் வேறு காரணத்தால் வந்திருக்க, நெக்ரோபோன்டே அதை நண்பருக்கான சலுகையாகப் பெருமை பேசியிருக்கலாம். இதை அந்தப் பேச்சை மட்டும் வைத்துத் தீர்க்க இயலாது. ஆனால் நோக்கம் எதுவாயினும், விண்டோஸுக்கு வழி விட மறுத்த பிடிவாதக்காரர் பேசும் பேச்சு அதுவல்ல.

பிடிவாதம் இருந்ததே இல்லை என்பதல்ல வாதம். ஸ்டீவ் ஜாப்ஸ் ஆப்பிளின் இயங்குதளத்தை இலவசமாகத் தர முன்வந்தபோது, அது திறமூலம் அல்ல என்று மறுத்தார்கள். 2005இல் திட்டத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான சீமோர் பேப்பர்ட் இதை உறுதிசெய்தார். 2005க்கும் 2006 இறுதிக்கும் இடையே எங்கோ அந்த உறுதி தளர்ந்திருக்கிறது. எந்த மாதம் என்று துணிந்து சொல்லச் சான்று போதாது.

அரசுகள் தயங்கியது லினக்ஸைக் கண்டா? உருகுவே 2007இல் விலா கார்டல் என்ற சிற்றூரில் தொடங்கி, 2009 அக்டோபருக்குள் அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் சுகருடன் கூடிய எக்ஸ்ஓவைக் கொடுத்து முடித்தது. பெருவும் மைக்ரோசாஃப்ட் உடன்பாட்டுக்கு முன்பே லட்சக்கணக்கில் வாங்க முடிவெடுத்திருந்தது. தாய்லாந்து விலகியது 2006 செப்டம்பர் ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு. 100 டாலர் என்று அறிவித்த கருவியின் விலை 2007இல் 188 டாலரானது; விண்டோஸ் உரிமக் கட்டணம் 3 டாலர்தான். நிதியமைச்சகங்களை உறுத்தியது அந்த 88 டாலராகவே இருந்திருக்க வேண்டும்.

சுகரின் தொடக்கப் பதிப்புகள் மந்தமானவை என்பதில் மட்டும் நெக்ரோபோன்டே சொன்னது சரி. அதற்கு மருந்து விண்டோஸ் அல்ல. மென்பொருள் பிரிவை நடத்திய வால்டர் பெண்டர் 2008 ஏப்ரலில் விலகி, அடுத்த மாதமே சுகர் லேப்ஸைத் தொடங்கி அந்த வேலையைத் தொடர்ந்தார். அடுத்த மாதிரியான எக்ஸ்ஓ 1.5இல் சுகரோடு க்னோம் முகப்பும் வந்தது. பழகிய மேசைத்தள வடிவம் லினக்ஸுக்குள்ளேயே கிடைத்துவிட்டது. அதற்கடுத்த எக்ஸ்ஓ 1.75 ஏஆர்எம் செயலியில் ஓடியது. விண்டோஸ் எக்ஸ்பி அதில் இயங்கவே இயங்காது.