தோற்பையின் தையல்: ஆவாரம் பட்டையிலிருந்து மலையகத் தோட்டம் வரை

தோற்பொருளின் வரலாறு பெரும்பாலும் பதனிடுதலின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. எந்தப் பட்டையில் ஊற வைத்தார்கள், குரோமியம் எப்போது வந்தது, எந்தத் துறைமுகத்தில் கப்பலேறியது என்பதெல்லாம் அரசாங்க அறிக்கைகளில் கிடைக்கும். ஆனால் ஒரு தோள்பை தலைமுறை தாண்டி உழைக்குமா, ஓரிரு மழைக்காலத்தில் வாய் பிளக்குமா என்பதைத் தீர்மானிப்பது தையல். அதைப் போட்ட கைகளைப் பற்றி ஆவணங்கள் மிகக் குறைவாகவே பேசுகின்றன. இலங்கை மலையகத்தின் கொட்டகலை, ஹற்றன் பகுதித் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தவர்களில் அந்தக் கைகளின் வழிவந்த குடும்பங்களும் இருந்தன. ஆகவே இது மலையக வரலாற்றிலும் ஒரு பகுதி.

தமிழகத்தில் தோல் தைப்பது பழைய தொழில். புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தைக் காட்டும் சிலப்பதிகாரம், துணி தைப்பவரையும் தோல் தைப்பவரையும் தனித்தனிக் கைவினைஞராகவே குறிப்பிடுகிறது. பிற்காலக் கிராமத்தில் இந்தத் தொழில் சக்கிலியர் என்று அழைக்கப்பட்ட, இன்று அருந்ததியர் என அறியப்படும் மக்களின் தலையில் சாதிக் கடமையாகச் சுமத்தப்பட்டது. செத்த மாட்டின் தோல் அவர்களுக்கு உரியது. அதற்கு ஈடாகச் செருப்பு, மாட்டு வார், கமலைச் சால் ஆகியவற்றை விவசாயிக்குச் செய்து கொடுக்க வேண்டும். இவற்றில் கடினமானது கமலைச் சால். கிணற்றிலிருந்து மாடு இழுத்து மேலே கொண்டுவரும்போது சாலின் தோல் வாலிலிருந்து தண்ணீர் ஒழுகிவிட்டால் பயிருக்கு ஒன்றும் போய்ச் சேராது. நாள் முழுதும் நனைந்து, காய்ந்து, மறுபடி நனையும் தோலில் பிரியாத தையல் போடத் தெரிந்தவருக்குப் பையின் தையல் பெரிய காரியமல்ல.

பட்டையோடு அவர்களுக்கு இருந்த உறவை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளில் பதிவு செய்திருக்கிறார். சக்கிலியர் ஆவாரஞ் செடியைப் போற்றினார்கள். திருமணத்துக்கு முன் அதன் கிளையில் தாலி கட்டும் வழக்கமும் இருந்தது. தோலைத் தோலாக நிலைக்கச் செய்தது அந்தச் செடியின் பட்டைதான்.

1840களில் சார்லஸ் டி சூசா என்பவர் சென்னையில் பட்டையில் பதனிடும் இந்த நாட்டு முறையைத் திருத்தி அமைத்தார் என்பது தோல் வணிகத்தில் வழங்கிவரும் வரலாறு. சுண்ணாம்பில் மயிர் நீக்கி, ஆவாரம் பட்டை அல்லது கொன்றைப் பட்டைச் சாற்றில் ஊற வைத்து, கடுக்காய் நீரில் முடித்து, எண்ணெய் பூசி உலர்த்திய தோல் ‘ஈஸ்ட் இந்தியா கிப்’ என்ற பெயரில் இலண்டன் சந்தைக்குப் போனது. வெளியூர் வியாபாரி கொடுத்த விலை கிராமத்து வழக்கத்தை உடைத்தது. தோல் சந்தைக்குப் போகப் போக, அதைத் தைத்துப் பிழைத்தவருக்கு மூலப்பொருள் அருகியது.

1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் இந்த வரலாற்றின் திருப்புமுனை. மாடுகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. சென்னைத் துறைமுகத்திலிருந்து தோல் ஏற்றுமதி பெருகியது. அதே ஆண்டுகளில்தான் திருச்சி, சேலம், மதுரைப் பக்கத்து மக்கள் பெருந்தொகையாக இலங்கைத் தோட்டங்களுக்குக் கடல் கடந்தார்கள். மாட்டின் தோல் ஒரு கப்பலிலும், அதைத் தைத்தவர் இன்னொரு கப்பலிலும் ஏறிய காலம் அது. இந்த இரண்டு பயணங்களையும் ஒன்றாக வைத்துப் படிக்காதவரை, இரண்டில் ஒன்றும் முழுமையாக விளங்காது.

தோட்டத்தில் அவர்கள் கையில் குத்தூசி இல்லை; கவ்வாத்துக் கத்தியும் கொழுந்துக் கூடையும் கொடுக்கப்பட்டன. எந்தச் சாதியாக இருந்தாலும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, மலைக்கு ஏற வேண்டியதுதான். தொழில் கைமாறியது, ஆனால் சாதிப் பெயர் லயத்தில் கூடவே குடியிருந்தது. தோள்பைக்குத் தோட்டத்திலும் வேலை இருந்தது: நாள்தோறும் தபாற்கந்தோருக்கு நடந்து, தோட்டத்தின் பூட்டிய பையில் கடிதங்களைச் சுமந்து வந்த தப்பால்காரரைப் பழைய தோட்டக் குறிப்புகள் பேசுகின்றன. 1884இல் ரயில் ஹற்றனை எட்டிய பிறகும், நிலையத்துக்கும் தோட்டத்துக்கும் இடையில் அந்த மனிதரின் தோள்தான் பாதை.

அப்படியொரு தோள்பையின் தையல் எப்படிப் போடப்படுகிறது? முன்பக்கம் ஒரு துண்டு, பின்பக்கமும் மூடியும் சேர்ந்த நீளத் துண்டு, இரண்டையும் இணைக்கும் பக்கப்பட்டை: பை என்பது இவ்வளவுதான். தோலின் ஓரத்திலிருந்து மூன்று, நான்கு மில்லிமீற்றர் உள்ளே ஒரு பள்ளக்கோடு கீறுவார்கள். தையல் அதற்குள் அமிழ்ந்துவிட்டால் உராய்வில் நூல் தேயாது. பல்வரிசை கொண்ட இரும்பைத் தட்டி இடைவெளியைக் குறித்து, குத்தூசியால் ஒரே சாய்வில் துளையிடுவார்கள். தைக்கும் நீளத்தைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு நூலை எடுத்து, தேன்மெழுகு பூசி, இரு முனையிலும் ஒவ்வொரு ஊசி கோப்பார்கள். தொடைகளுக்கிடையே மரக் கிட்டியில் தோலைப் பிடித்துக்கொண்டு, ஒரே துளையில் இடப்பக்க ஊசியும் வலப்பக்க ஊசியும் எதிரெதிராகப் போய் வரும். ஒவ்வொரு முறையும் இரண்டு கையும் ஒரே விசையில் இழுக்க வேண்டும். ஒரு கை தளர்ந்தால் தையல் வரி கோணும்.

கைத்தையலின் வலிமை இங்கேதான் இருக்கிறது. எலியாஸ் ஹோவ் 1846இல் காப்புரிமை பெற்ற பூட்டுத் தையல் இயந்திரத்தில் மேல்நூலும் கீழ்நூலும் தோலின் நடுவில் கொக்கி போட்டு நிற்கின்றன. ஓர் இடத்தில் நூல் அறுந்தால் பக்கத்துத் தையல்களும் நெகிழ்ந்துபோகும். இரட்டை ஊசித் தையலில் ஒவ்வொரு துளையிலும் இரு நூல் எதிரெதிர்த் திசையில் நிற்பதால், ஒன்று அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். பக்கப்பட்டை திரும்பும் மூலையும், தோள்வார் பையோடு சேரும் இடமும்தான் முதலில் விட்டுக்கொடுப்பவை. நல்ல கைவினைஞர் வரியின் தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டு மூன்று துளை பின்னோக்கித் தைத்தே நூலை அறுப்பார்.

மலையக மழைக்கு வேறு கணக்கும் உண்டு. ஈரத்தில் பருத்தி நூல் மக்கும். மெழுகிட்ட சணல் நூல் அதைவிடத் தாங்கும். இரும்புக் கொக்கி துருப்பிடிப்பதோடு, பட்டைச் சாறு ஏறிய தோலில் கருங்கறையும் படிய விடும். பித்தளைக் கொக்கி தேடப்படுவது அழகுக்காக மட்டுமல்ல.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னைக் கலைப்பள்ளியில் குரோம் பதனிடும் சோதனைகளைத் தொடங்கினார். அவர் மனத்தில் இருந்த முக்கியப் பொருள்களில் ஒன்று கமலைச் சால். குரோம் தோல் தண்ணீரில் எளிதில் அழுகாது. அதே சாட்டர்டன்தான் கிணற்றுக்கு எண்ணெய் எஞ்சின் பம்புகளையும் பரப்பினார். பம்பு வென்றது, சால் மறைந்தது. அதைத் தைத்தவர்களின் திறமைக்கு ஊரில் இருந்த கடைசிப் பெரிய தேவையும் அதோடு போனது.

அதன்பின் எல்லாம் ஆலைகளின் கதை. 1948இல் சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் இராணிப்பேட்டையும் உலகச் சந்தைக்குத் தோல் கொடுத்தன. ஆலைக் கழிவு கலந்த பாலாறு அதற்கு விலை கொடுத்தது. 1996இல் வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்றது. இன்னொரு பக்கம், 1978இல் திலீப் கபூர் புதுச்சேரியில் ஒரு சிறு பட்டறையாகத் தொடங்கிய ஹைடிசைன், பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலையும் பித்தளைக் கொக்கியையும் வைத்தே வெளிநாட்டுச் சந்தையில் பெயர் பெற்றது. கோடு கீறினால் நிற்பதும், ஓரத்தைத் தேய்த்தால் பளபளப்பதும் பட்டைத் தோல்தான். மென்மையாக இழுபடும் குரோம் தோல் அப்படி நிற்பதில்லை. சக்கிலியர் வீட்டுத் தொட்டியிலிருந்த அறிவு உயர்விலைப் பொருளின் அடையாளமாகத் திரும்பி வந்தபோதும், அதன் முதல் உரிமையாளர்களின் பெயர் அதில் எழுதப்படவில்லை. இது அநியாயம்.

கம்பளைக்கு அருகே பழைய பீகொக் தோட்டத்தின் லயத்தில் 2007 முதல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இயங்கிவருகிறது. கொட்டகலை, பத்தனை, ஹற்றன் பக்கத்து வீடுகளில் பாட்டன் காலத்துக் குத்தூசியோ, கிட்டியோ, பழைய தோற்பையோ இருந்தால் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். அதைப் படம் பிடியுங்கள்; எந்த ஊரிலிருந்து வந்தது, யார் கையில் இருந்தது என்று வீட்டுப் பெரியவரிடம் கேட்டு எழுதி வையுங்கள்; முடிந்தால் அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள்.