காற்றின் கண்

நாளெல்லாம் கணினித் திரையில் பத்துப் பதினைந்து விண்டோக்களைத் திறந்துவைத்து வேலை பார்ப்பவன் நான். ஒன்றிலிருந்தும் காற்று வராது. ஆனால் அந்தச் சொல்லுக்குள் காற்று இருக்கிறது.

‘விண்டோ’ பார்க்கத்தான் ஒற்றைச் சொல், உண்மையில் கூட்டுச்சொல். பழைய நார்ஸ் மொழியில் ‘விண்டவ்கா’. ‘விண்டர்’ என்றால் காற்று, ‘அவ்கா’ என்றால் கண். காற்றின் கண். வீட்டின் நடுவே அடுப்பு எரிந்த, கண்ணாடி போடாத வடதேசத்து வீடுகளின் சொல்.

அது இங்கிலாந்துக்கு வந்த கதை அமைதியானதல்ல. 793இல் லிண்டிஸ்ஃபார்ன் மடாலயத்தைச் சூறையாடியவர்கள் வைக்கிங்குகள். அடுத்த நூற்றாண்டில் அவர்களே வடக்கிலும் கிழக்கிலும் குடியேறி, நிலம் உழுது, பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆனார்கள். கத்திக்கு ‘நைஃப்’, முட்டைக்கு ‘எக்’, ஏன், ‘அவர்கள்’ என்பதற்கான ‘தே’கூட அவர்கள் கொடுத்ததுதான். கொள்ளையடிக்க வந்தவன் சொல் ஊருக்குள் தங்காது. சம்பந்தம் பண்ணிக்கொண்டவன் சொல்தான் தங்கும்.

ஆங்கிலத்துக்கு முன்பே சொந்தச் சொல் இருந்தது: ‘ஏயக்திர்ல்’, அதாவது கண்துளை. அது செத்துப்போனது. ஆனால் ‘துளை’ என்ற பின்பாதி ‘நாஸ்ட்ரில்’ என்ற சொல்லில் ஒளிந்திருக்கிறது. வீட்டை விட்டுப் போன சொல், மூக்கில் இன்னும் மூச்சு விடுகிறது.

நம்மிடம் ‘காலதர்’ உண்டு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரத்தில் மான்கண் போன்ற காலதர்கள் வருகின்றன. அங்கேயும் காற்று, அங்கேயும் கண்! உடனே ‘பாத்தீங்களா, எல்லாம் தமிழ்லேருந்து போனதுதான்’ என்று கிளம்பிவிட வேண்டாம். தொடர்பே இல்லாத இரண்டு ஊர்களில் மனிதர்களுக்கு ஒரே தேவை இருந்தது, அவ்வளவுதான். இன்று நாம் சொல்லும் ‘ஜன்னல்’ போர்த்துக்கீசிய ‘ஜனெலா’. அதன் லத்தீன் வேருக்குக் கதவு என்று பொருள். அதில் காற்று கிடையாது. அதனால் ஜன்னல் வழியே காற்று வராமலா போயிற்று?

சொல்லுக்குள் காற்றை வைத்திருந்த இங்கிலாந்துதான் 1696இல் ஜன்னலுக்கு வரி போட்டது. 1851 வரை அது நீடித்தது. வரிக்குப் பயந்து ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். ஏழைகள் குடியிருந்த அறைகளில் வெளிச்சமும் காற்றும் போயின. வரி போட்டவர்கள் கடைசிவரை ‘விண்டோ’ என்றுதான் எழுதினார்கள்.

சொல் யாருடையது என்று நாம் இணையத்தில் விடிய விடியச் சண்டை போடலாம். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் அடுத்த கட்டடத்தின் சுவரைப் பார்த்துத் திறக்கும் வாடகை வீட்டு ஜன்னலுக்கு எந்தப் பெயர் வைத்தாலும், கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: காத்து வருதா?