வேலூர் தொகுதி: எட்டாயிரம் ஓட்டின் கதை

நம் வேலூர் பாராளுமன்றத் தொகுதி யாருடைய கோட்டை என்று டீக்கடையில் கேட்டுப் பாருங்கள். திமுக கோட்டை என்பார் ஒருவர். முஸ்லிம் லீக் தொகுதி என்பார் இன்னொருவர். காங்கிரஸ் காலத்தைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார் மூன்றாமவர். 1952 முதல் இன்றுவரை ஜெயித்தவர்களின் பட்டியலை எழுதி வைத்துப் பார்த்தேன். வேலூரில் கல்கோட்டை ஒன்றுதான் இருக்கிறது. கட்சிக் கோட்டை எதுவும் கிடையாது. யார் யாரோடு சேர்ந்தார்கள், தொகுதியின் எல்லைக் கோடு எந்த ஊரோடு போயிற்று, இந்த இரண்டும்தான் பெரும்பாலும் இங்கே வெற்றியைத் தீர்மானித்திருக்கின்றன.

முதல் தேர்தலில் வேலூர் இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒரு பொது இடம், ஒரு தாழ்த்தப்பட்டோருக்கான தனி இடம். வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு ஓட்டு. அப்போது சீட்டில் முத்திரை குத்தும் வழக்கம் இல்லை. வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டியின் மேல் அவருடைய சின்னம். பிடித்தவர் பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வரவேண்டியதுதான். அந்தத் தேர்தலில் பொது இடத்தில் காமன்வீல் கட்சியின் ராமச்சந்தர் ஜெயித்தார். தனி இடத்தில் காங்கிரசின் முத்துகிருஷ்ணன். காமன்வீல் என்ற பெயரே இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. மாணிக்கவேலு நாயக்கர் தலைமையில் நம் வடாற்காடு பக்கம் வன்னியர் ஆதரவோடு வளர்ந்த கட்சி அது. ராஜாஜி அமைச்சரவைக்கு ஆதரவு கொடுத்து, பிறகு காங்கிரசில் கரைந்தது. அதே கட்சியில் வந்தவாசியிலிருந்து எம்.பி.யான முனிசாமிதான் 1957-ல் வேலூரில் காங்கிரஸ் வேட்பாளராக நின்று ஜெயித்தார்.

1954-ல் முதல்வரான காமராசர் சட்டமன்ற உறுப்பினராக வேண்டியிருந்தபோது தேர்ந்தெடுத்தது நம் குடியாத்தத்தைத்தான். அந்த இடைத்தேர்தலில் திமுக ஆள் நிறுத்தாமல் காமராசரை ஆதரித்தது. எதிரும் புதிருமான கட்சிகள் ஒரு பக்கம் நிற்பதை நம் பகுதி அப்போதே பார்த்துவிட்டது.

1962-ல் இரட்டை உறுப்பினர் முறை போய்விட்டது. காங்கிரசின் அப்துல் வாஹித் ஜெயித்தார். 1967-ல் மாநிலம் முழுவதும் அடித்த அலையில் திமுகவின் குசேலர், 1971-ல் அதே கட்சியின் உலகநம்பி. எனக்கு ஓட்டு வந்தது அந்த 1971-ல்தான். அப்போது 21 வயது ஆனால்தான் ஓட்டு. 1977-ல் ஸ்தாபன காங்கிரசின் தண்டாயுதபாணி.

1980-ல் வந்தவர் முஸ்லிம் லீக் தலைவர் அப்துல் சமது. சிராஜுல் மில்லத் என்று அழைக்கப்பட்டவர், மணிச்சுடர் நாளேட்டை நடத்தியவர். அவருடைய தந்தை அப்துல் ஹமீது பாகவி குர்ஆனைத் தமிழில் மொழிபெயர்த்த அறிஞர். பாகவி என்ற பட்டமே நம் வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரியில் படித்தவர்களுக்கு உரியது. 1984-ல் இரட்டை இலையில் ஏ.சி. சண்முகம் வந்தார். 1989-ல் மறுபடியும் அப்துல் சமது. 1991-ல் காங்கிரசின் அக்பர் பாஷா.

அடுத்து வந்த மூன்று தேர்தலையும் ஜெயித்தவர்கள் சண்முகங்கள். 1996-ல் திமுகவின் பி. சண்முகம். 1998-லும் 1999-லும் பாமகவின் என்.டி. சண்முகம். இந்தக் கடைசி இரண்டு வெற்றிகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1998-ல் பாமக அதிமுக அணியில் இருந்தது. அடுத்த ஆண்டே திமுக அணியில். ஆள் அதே ஆள், தொகுதி அதே தொகுதி. முதல் முறை யாருக்காக ஓட்டுக் கேட்டு வந்தார்களோ அவர்களே இரண்டாம் முறை அவரை எதிர்த்து ஊர்வலம் போனார்கள். இரண்டு தடவையும் ஜெயித்தது அவரே. 2004-ல் முஸ்லிம் லீகின் காதர் மொகிதீன், 2009-ல் அதே கட்சியின் அப்துல் ரகுமான். இருவரும் உதயசூரியன் சின்னத்தில் நின்றவர்கள்.

எல்லைக் கோட்டின் கதை 2008 மறுவரையறையில் வருகிறது. அதற்கு முன் காட்பாடியும் ஆரணியும் வேலூர் எம்.பி. தொகுதியில் இருந்தன. வாணியம்பாடி திருப்பத்தூர் தொகுதியில் இருந்தது. மறுவரையறையில் திருப்பத்தூர் பாராளுமன்றத் தொகுதியும் பேரணாம்பட்டு சட்டமன்றத் தொகுதியும் மறைந்தன. ஆம்பூர் மறுபடியும் சட்டமன்றத் தொகுதியானது. வேலூர், அணைக்கட்டு, கே.வி. குப்பம், குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி என்று ஆறும் சேர்ந்து புதிய வேலூர். பாலாற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் காட்பாடி அரக்கோணத்துக்குப் போயிற்று. வேலூருக்கு வருகிறவர்கள் இறங்கும் ஜங்ஷன் வேறு எம்.பி.யிடம்! 2019-ல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது இன்னும் வேடிக்கை. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின, ஓட்டு மட்டும் வேலூரில். காட்பாடி வேலூர் மாவட்டத்திலேயே இருக்கிறது, ஓட்டு அரக்கோணத்தில்.

2014-ல் ஓட்டு மூன்றாகப் பிரிந்தது. அதிமுகவின் செங்குட்டுவன் ஏறத்தாழ 59 ஆயிரம் வித்தியாசத்தில் ஜெயித்தார். தாமரைச் சின்னத்தில் நின்ற ஏ.சி. சண்முகம் இரண்டாமிடம். அப்துல் ரகுமான் மூன்றாமிடம்.

பிறகு 2019. ஏப்ரல் 18 நமக்கு வாக்குப்பதிவு. வருமான வரிச் சோதனைகளில் 11 கோடி ரூபாய்க்கு மேல் பிடிபட்டதாகச் சொல்லி, இரண்டு நாள் இருக்கும்போது 16-ஆம் தேதி குடியரசுத் தலைவர் உத்தரவால் தேர்தல் ரத்தாயிற்று. உயர் நீதிமன்றம் போயும் மாறவில்லை. பணத்துக்காகச் சட்டமன்றத் தேர்தல்கள் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் முன்பே நின்றதுண்டு. மக்களவைத் தேர்தல் நின்றது நம் தொகுதியில்தான் முதல் முறை. ஆம்பூரிலும் குடியாத்தத்திலும் சட்டமன்ற இடைத்தேர்தல் மட்டும் திட்டமிட்டபடி அதே 18-ஆம் தேதி நடந்தது. ஒரே ஊர், ஒரே வாக்குச்சாவடி, ஒரே வாக்காளர். எம்.எல்.ஏ.வுக்குப் போடும் ஓட்டு சுத்தம், எம்.பி.க்குப் போடும் ஓட்டு மட்டும் கெட்டுவிட்டதா என்று ஆம்பூரில் பலரும் கேட்டோம். பணம் வாங்காத வாக்காளனும் தண்டனையில் பங்கு பெற்றான் என்ற வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

நாடு முழுவதும் ஓட்டுப் போட்டு, மோடி இரண்டாம் முறை பதவியேற்று, பாராளுமன்றம் கூடிய பிறகும் நம் நாற்காலி காலியாக இருந்தது. நமக்கு ஆகஸ்ட் 5, திங்கட்கிழமை நாள் குறித்தார்கள். பிரசாரம் உச்சத்தில் இருக்கும்போது முத்தலாக் மசோதா வந்தது. அதிமுகவின் ஒரே மக்களவை உறுப்பினர் அதை ஆதரித்தார், மாநிலங்களவையில் அக்கட்சி வெளிநடப்பு செய்தது. வாக்குப்பதிவு அன்று நாம் வரிசையில் நிற்கும்போதே டெல்லியில் காஷ்மீரின் 370-வது பிரிவு பற்றிய அறிவிப்பு வந்தது.

9-ஆம் தேதி எண்ணினார்கள். ஆரம்பத்தில் இரட்டை இலையில் நின்ற ஏ.சி. சண்முகம் முந்தினார். பிறகு திமுகவின் கதிர் ஆனந்த் முந்தினார். முடிவில் கதிர் ஆனந்துக்கு 4,85,340, சண்முகத்துக்கு 4,77,199. வித்தியாசம் 8,141. நாம் தமிழர் கட்சி வாங்கியது 26,995. நோட்டாவுக்கு விழுந்ததே 9 ஆயிரத்துக்கு மேல். அணைக்கட்டு, கே.வி. குப்பம், குடியாத்தம் மூன்றிலும் சண்முகம் முன்னிலை. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி மூன்றும் கதிர் ஆனந்துக்கு. அதில் வாணியம்பாடி மட்டும் 20 ஆயிரத்துக்கு மேல் கொடுத்தது. 2008-ல் வாணியம்பாடி வேறு பக்கம் போயிருந்தால் முடிவே மாறியிருக்கும்.

2024-ல் அதிமுகவும் பாஜகவும் தனித்தனியே நின்றன. மறுபடி கதிர் ஆனந்த், இம்முறை 2 லட்சத்துக்கு மேல் வித்தியாசம்.

இத்தனை கூட்டணிகளிலும் ஒரே ஒரு கட்சிக்காரர் மட்டும் சேரவில்லை. அது பாலாறு. தோல் தொழில்தான் நமக்குச் சோறு போடுகிறது. காலையில் ஷூ கம்பெனி வண்டிகளில் ஏறிப் போகும் பெண்களின் சம்பளத்தில்தான் ஆம்பூரில் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் படிக்கின்றன. அதே தோல் கழிவுதான் ஆற்றையும் கிணற்றையும் கெடுத்தது. இரண்டையும் சேர்த்துக் காப்பாற்றும் வேலையை நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்களிடமிருந்து எதிர்பார்த்தோம். வழி காட்டியது நீதிமன்றம். 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10 ஆயிரம் ரூபாய் அபராதம் விதித்து, சுத்திகரிப்பு வசதி இல்லாவிட்டால் மூடச் சொன்னது. 2025 ஜனவரியிலும் பாலாறு அதே நீதிமன்றத்தில்தான் நின்றது.

அடுத்த தேர்தலிலும் யாரோடு யார் சேருவார்கள் என்று டீக்கடையில் நாம் பேசத்தான் போகிறோம், நானும் பேசுவேன். ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிறவரிடம், அவர் எந்தக் கொடியோடு வந்தாலும், உங்கள் கணக்கில் பாலாறு எங்கே இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்போம். 8,141 ஓட்டில் எம்.பி.யைத் தீர்மானித்த தொகுதி இது. இங்கே நாலு தெருக்காரர்கள் சேர்ந்து கேட்டால் எந்த வேட்பாளரும் நின்று பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.