நொச்சியும் வில்லியனூர்க் காவலும்

வானூர்தித் தளத்தை நிலத்தில் நின்று காக்கும் தனிப்படை, போர்முறையில் மிகப் பிந்தித் தோன்றியது. 1941 மே மாதத்தில் கிரீட்டுத் தீவின் மாலெமெ தளத்துக்கு அருகிருந்த குன்றைக் காவற்படை இரவில் கைவிட்டுப் பின்வாங்கிற்று. மறுநாள் தளம் செருமானியர் கைப்பட்டது. தீவும் அவ்வழியே போயிற்று. அதன் பின்னரே, 1942 பிப்ரவரியில், பிரித்தானியர் தம் வான்படைத் தளங்களுக்கெனத் தரைக்காவற்படை ஒன்றை அமைத்தனர். இந்திய வான்படையின் கருடப் படை 2004-இல் உருவாயிற்று.

ஆயினும், காத்தலைத் தனித்தொழிலாகப் பிரித்துக் காணும் எண்ணம் தமிழுக்குப் புதிதன்று. மதிலை முற்றுதலையும் அதனை உள்ளிருந்து காத்தலையும் தொல்காப்பியர் உழிஞை என ஒரு திணையுள் அடக்கினார். புறப்பொருள் வெண்பாமாலை உடையாரோ காப்போர்க்கு நொச்சி எனத் தனித்திணை வகுத்தார். இதனை வெறும் பாகுபாட்டு வேட்கை என்பாரும் உளர். யாம் அங்ஙனம் கருதோம். காப்போன் பணி வேறு என்பதற்குப் புதுச்சேரியைச் சூழ்ந்த ஊர்களின் வரலாறே சான்றாகும்.

பிரெஞ்சியரின் தலைமைத் தளமாகிய அந்நகரைப் பழந்தமிழர் மிளை போன்றதொரு முள்வேலி வளைத்திருந்தது. 1748-இல் பாஸ்காவன் முற்றுகையிட வந்தபோது அரியாங்குப்பத்துச் சிறு கோட்டை அவனைப் பல நாள் தடுத்து நிறுத்திற்று. இறுதியில் அது வீழ்ந்தது. எனினும், கழிந்த நாட்களை ஆங்கிலேயர் மீட்க இயலவில்லை. மழைக்காலம் நெருங்க, அக்டோபரில் முற்றுகை நீங்கிற்று. அங்கே சிறைப்பட்ட லாரன்ஸ் என்பானே 1752-இல் பாகூரில் வென்றான். அவ்வெற்றியின் சூழ்ச்சி கருதத்தக்கது. ஐரோப்பாவில் இரு நாடுகளும் அமைதியில் இருந்தமையின் புதுச்சேரி எல்லைக்குள் அவன் புகுதல் கூடாதாயிற்று. ஆகவே பாகூருக்குப் பின்னடைவான் போற் சென்றான், தூப்ளேயின் மருகன் கெர்ஜான் காவலை விட்டுத் தொடர்ந்தான், தோற்றுச் சிறைப்பட்டான். அவனுக்கு வேண்டியது வீரம் அன்று, இருந்த இடத்தில் இருத்தலே.

வில்லியனூரின் கதை இவற்றினும் வருந்தத்தக்கது. 1760 சூலையில் கூட் அக்கோட்டையைத் தாக்கினான். மைசூர்ப்படை உணவுடன் வந்து சேர்ந்திருந்தது; லாலி உதவிக்கு நெருங்கிக்கொண்டிருந்தான். அவ்வேளையிலேயே உள்ளிருந்த தலைவன் கோட்டையை ஒப்படைத்துவிட்டான். உள்ளிருந்தோர் செய்ய வேண்டுவதாக எஞ்சியிருந்தது சிறிது நேரம் பொறுத்தல் ஒன்றே. மைசூரார் மனந்தளர்ந்து பின்னர் நீங்கினர். செப்டம்பரில் முள்வேலியும் பறிபோயிற்று. நான்கு திங்கள் சென்று, 1761 சனவரியில், உண்ண ஒன்றுமின்றிப் புதுச்சேரி பணிந்தது. பகைவர் எவரும் அதன் மதிலேறிக் கொண்டாரல்லர்.